வாசகர் கேள்விகள்: விண்கலத்தில் இயற்பியலுக்கு என்ன வேலை?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விண்வெளித் துறைக்குப் போக ஆசை என்று சொன்னால், "அதுக்கு நீ இன்ஜினியரிங்ல சேர்ந்திருக்கணும்" என்கிறார் சித்தப்பா. இயற்பியல் படித்தவர்களுக்கு விண்கலத் திட்டங்களில் உண்மையிலேயே இடம் உண்டா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: உண்டு, அதுவும் நடுநாயகமான இடம். எட்வர்ட் ஸ்டோன் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன், சித்தப்பாவிடமும் படித்துக் காட்டுங்கள். 1936-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். சொந்த ஊரிலிருந்த சின்னக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கி, இயற்பியலுக்காக சிகாகோ பல்கலைக்கழகம் போனார். அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, 1957 அக்டோபரில், சோவியத் யூனியன் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவிவிட்டது. பிறகு அவர் எடுத்துக்கொண்ட துறை காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வரும் இந்தத் துகள்கள் நம் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறிவிடுகின்றன, தரையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சிதறல்தான். மூலத் துகளையே அளக்க வேண்டுமென்றால் காற்றுக்கு மேலே போயாக வேண்டும். ஆகவே இயற்பியல் மாணவரான அவர் தானே கருவி செய்து, 1961-ல் டிஸ்கவரர் 36 என்ற செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பினார். 1964-ல் முனைவர் பட்டம், அடுத்து கால்டெக் என்ற கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி, 1972-ல், 36 வயதில், வெளிக்கோள்களைப் பார்க்க நாசா அனுப்பிய வாயேஜர் 1, 2 என்ற இரட்டைக் கலங்களின் திட்ட விஞ்ஞானி. அந்தப் பொறுப்பில் 2022 வரை இருந்தார், ஐம்பது ஆண்டுகள்!

திட்ட விஞ்ஞானி என்ன செய்வார்? கலத்தைக் கட்டுவதும் ஓட்டுவதும் பொறியாளர்கள் பொறுப்பு. கலம் எதைத் தேடிப் போகிறது, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் இவர். வாயேஜரில் 11 ஆராய்ச்சிக் குழுக்கள். ஒரு கோளைக் கடக்கும் நேரமோ கொஞ்சம், கேமராக் குழு ஒரு பக்கம் திருப்பச் சொல்லும், இன்னொரு குழு வேறு பக்கம் கேட்கும், எல்லாருடைய கோரிக்கையிலும் நியாயம் இருக்கும். ஸ்டோனும் அந்த 11 குழுக்களில் ஒன்றின், காஸ்மிக் கதிர்க் குழுவின் ஆள்தான். அப்படியிருந்தும் மற்றவர்கள் அவர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அடுத்தவர் துறையையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டு பேசியதால்தான் என்று நினைக்கிறேன்.

டைட்டன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சனியின் இந்தப் பெரிய நிலாவுக்கு அடர்த்தியான காற்று மண்டலம் உண்டு. அதைப் பக்கத்தில் பார்க்கப் போனால் வாயேஜர் 1-இன் பாதை வளைந்து, கோள்கள் சுற்றும் தளத்தை விட்டே வெளியேறிவிடும், புளூட்டோவுக்குப் போகும் வாய்ப்பும் போய்விடும். டைட்டனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1980-ல் அது சரியாக நடந்ததால்தான் வாயேஜர் 2-ஐ யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் அனுப்ப முடிந்தது, தவறியிருந்தால் அந்தக் கலத்தையும் டைட்டனுக்கே திருப்பியிருப்பார்கள். இந்த மாதிரி முடிவுக்கு இயற்பியல் தெரிந்த தலை வேண்டும்.

நம் நாட்டிலும் இதே வழியில் வந்தவர் இருக்கிறார். உடுப்பிப் பக்கத்துக்காரரான யு.ஆர். ராவ், விக்ரம் சாராபாயிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்தவர், அமெரிக்கா போய் நாசாவின் பயனியர் விண்கலங்களில் கருவி வைத்தவர். திரும்பி வந்து, 1975-ல் ஏவப்பட்ட நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவை உருவாக்கிய குழுவை நடத்தினார், பிறகு இஸ்ரோவின் தலைவருமானார்.

இன்னொன்று, இது உங்களுக்காகவே. ஸ்டோனுக்குப் பிறகு வாயேஜரின் திட்ட விஞ்ஞானியான லிண்டா ஸ்பில்கர் 1977-ல் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் இருந்தது இயற்பியலில் இளநிலைப் பட்டம் மட்டும். முனைவர் பட்டமெல்லாம் வேலை பார்த்துக்கொண்டே அப்புறம் வாங்கியது.

கேள்வி: வாயேஜர் 1 சூரியனின் எல்லையைத் தாண்டியது 2012-ல் என்கிறார்கள், அறிவித்ததோ 2013-ல். ஏன் இந்தத் தாமதம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, அந்தத் தாமதத்தில்தான் ஸ்டோன் என்ற விஞ்ஞானியை நன்றாகப் பார்க்க முடிகிறது. சூரியனிலிருந்து வீசும் துகள்கள் ஊதி வைத்திருக்கும் பெரிய குமிழியின் விளிம்பைத்தான் சூரியனின் எல்லை என்கிறோம். 2012 ஆகஸ்ட் 25 அன்று சூரியனிலிருந்து வரும் துகள்கள் சட்டென்று குறைந்தன, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கூடின. அளந்தது அவருடைய கருவியும்தான், "தாண்டிவிட்டோம்" என்று அன்றைக்கே சொல்ல ஆசை வராமலா இருக்கும்! ஆனால் காந்தப்புலத்தின் திசை, எதிர்பார்த்தபடி மாறவில்லை. பிளாஸ்மாவின், அதாவது கலத்தைச் சுற்றியுள்ள மின்னேற்றத் துகள்களின், அடர்த்தியை அளந்தால் சந்தேகம் தீரும், குமிழிக்கு வெளியே அது கூடுதல். அதை அளக்கும் கருவியோ 1980-லேயே வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

விடை சூரியனிடமிருந்தே வந்தது. 2012 மார்ச்சில் சூரியனில் நடந்த ஒரு வெடிப்பின் தாக்கம் 13 மாதம் பயணம் செய்து 2013 ஏப்ரலில் கலத்தை எட்டியது, சுற்றியிருந்த பிளாஸ்மா, தட்டிய மணி மாதிரி அதிர்ந்தது. அதிர்வு எவ்வளவு வேகம் என்று தெரிந்தால் அடர்த்தியைக் கணக்கிட்டுவிடலாம். டான் கர்னெட்டின் பிளாஸ்மா அலைக் குழு கணக்குப் போட்டது, குமிழிக்கு உள்ளே இருந்ததைவிட சுமார் 40 மடங்கு அடர்த்தி. அதற்குப் பிறகுதான், செப்டம்பரில், அறிவித்தார்கள்.

கேள்வி: வாயேஜரின் கருவிகள் இன்னும் வேலை செய்கின்றனவா?
– வாசகர், ஈரோடு

பதில்: சில மட்டும். புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து வரும் மின்சாரம் ஆண்டுக்கு சுமார் 4 வாட் குறைந்துகொண்டே போவதால் ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். ஸ்டோன் 2024 ஜூனில் தம் 88-வது வயதில் காலமானார். வாயேஜர் 1-இல் இருந்த அவருடைய காஸ்மிக் கதிர்க் கருவியை 2025 பிப்ரவரியில் அணைத்தார்கள். 1977-ல் கிளம்பியது, 47 ஆண்டுகள் துகள்களை எண்ணிக்கொண்டிருந்தது.