உலகத் தரவரிசையில் பின்னால் இருக்கும் பல்கலைக்கழகத்தில் படித்தால் வெளிநாட்டில் மதிப்பார்களா?

கேட்டவர் கடலூர்க்காரர். மகளுக்குக் கடல் உயிரியல் எம்.எஸ்சி. படிக்க ஆசை, அண்ணாமலைப் பல்கலைக்கழகமா புதுவைப் பல்கலைக்கழகமா என்று யோசிக்கிறார்கள். ஆனால் உலகப் பட்டியல்களில் இரண்டுமே மேலே இல்லையே, பின்னால் வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தால் மதிப்பார்களா என்பதுதான் அவர் கவலை. நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கும் பரங்கிப்பேட்டையில் இதே படிப்பைப் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மதிப்பார்கள் சார். அந்தப் பட்டியல் எண்ணை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். க்யூஎஸ் என்ற உலகத் தரவரிசைப் பட்டியலில் 100 மதிப்பெண்ணுக்கு 30, உலகம் முழுவதும் பேராசிரியர்களிடம் 'எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது' என்று கருத்துக் கேட்டு வருவது. இன்னும் 15, வேலை கொடுப்பவர்களிடம் அதே மாதிரி கேட்டு வருவது. ஆக, பாதிக்குக் கொஞ்சம் குறைவு ஏற்கெனவே இருக்கிற பெயருக்கே போய்விடுகிறது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு 5, வெளிநாட்டு மாணவர்களுக்கு 5. அரசு சம்பள விகிதத்தில் ஆள் எடுக்கும் பல்கலைக்கழகம் எத்தனை வெளிநாட்டுப் பேராசிரியர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியும்? அதைவிட முக்கியம், 1929-ல் தொடங்கி இசை, வேளாண்மை, பொறியியல், மொழியியல் என்று எல்லாம் நடத்தும் அண்ணாமலைக்கு மொத்தமாக ஒரே ஒரு எண். கடல் உயிரியல் துறை எப்படி என்று அது எதுவும் சொல்லாது.

உங்கள் மகளை பிஎச்.டி.க்கு எடுக்கப் போவது ஒரு பேராசிரியர். நண்டையோ கடற்புல்லையோ சதுப்புநிலத்தையோ ஆராய்கிறவர். வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டை மையத்தின் பெயர் அவருக்கு முன்பே தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1960-களிலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உயராய்வு மையமாக அங்கீகரித்த இடம் அது. அலையாத்திக் காடுகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள யுனெஸ்கோ, ஐ.நா. பல்கலைக்கழகம் இரண்டும் சேர்ந்து நடத்திய பன்னாட்டுப் பயிற்சிக்குப் பல நாட்டு ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைக்குத்தான் வந்தார்கள். பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கும்போது அவர்கள் வேறு எங்கே போவார்கள்!

எனக்கு மிகவும் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. 2004 சுனாமி முடிந்த சில மாதங்களில், இந்த மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் நம் கடலோரத்தில் 18 குப்பங்களை ஆராய்ந்து, கடலிலிருந்து உள்ள தூரம், தரையின் உயரம், முன்னால் இருந்த மரங்கள் இவற்றுக்கும் உயிர்ச்சேதத்துக்கும் என்ன தொடர்பு என்று 2005-ல் ஒரு சர்வதேச ஆய்விதழில் எழுதினார்கள். அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்பது அவர்கள் முடிவு. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர் உட்பட மூன்று பேர் அதே இதழில் மறுத்தார்கள்: தூரத்தையும் உயரத்தையும் கணக்கில் எடுத்துவிட்டால் மரங்களின் பங்கு மிகவும் கொஞ்சம் என்று. அப்புறம் வேறு இருவர் அதே தரவை இன்னொரு முறையில் கணக்கிட்டு, இல்லை, காடு உதவியிருக்கிறது என்றார்கள். யார் சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நம் குப்பங்களில் எடுத்த தரவை வைத்து வெளிநாட்டு ஆய்வாளர்கள் வரிக்கு வரி மல்லுக்கட்டினார்களே, ஒரு துறையை உலகம் பொருட்படுத்துகிறது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டதாக வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படங்களைவிட இது எவ்வளவோ மேல்.

புதுவைப் பல்கலைக்கழகமும் குறைந்ததில்லை. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், எம்.எஸ்சி.க்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், அவர்களுடைய கடல் உயிரியல் துறை புதுச்சேரி காலாப்பட்டில் உள்ள முதன்மை வளாகத்தில் இல்லை, அந்தமானில் போர்ட் பிளேர் வளாகத்தில் இருக்கிறது. பவளப்பாறைதான் மகளின் ஆர்வம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே அனுப்புங்கள். முகத்துவாரம், அலையாத்தி, மீன்பிடி என்றால் பரங்கிப்பேட்டை.

சேருவதற்கு முன்னால் மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள். துறை ஆசிரியர்களின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளைக் கூகுள் ஸ்காலரில் தேடி, கூட எழுதியவர்கள் எந்த நாட்டில் எந்த ஆய்வகம் என்று பார்க்கட்டும். அங்கே பிஎச்.டி. முடித்த சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதன் மூலம் போன வருடம் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பெயர் சொல்லிப் பதில் வரவில்லை என்றால் அந்த ஒப்பந்தத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பரங்கிப்பேட்டை உங்களுக்குப் பக்கம்தானே, சிதம்பரம் பஸ் ஏறி பி.முட்லூரில் இறங்கினால் அங்கிருந்து வண்டி கிடைக்கும். வேலை நாளாகப் பார்த்துப் போங்கள், ஆய்வு மாணவர்கள் இருப்பார்கள், மகள் அவர்களிடம் தனியாகப் பேசட்டும்.