உண்மையைத்தான் எழுதினேன், அவதூறு வழக்கு வருமா?

கேள்வி: மனை வாங்க 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. பத்திரமும் இல்லை, பணமும் திரும்பவில்லை. ‘ஊரை ஏமாற்றும் ஃப்ராடு’ என்று மனை விற்பவரின் பெயரைப் போட்டு, ரசீதோடு ஃபேஸ்புக்கில் எழுதினேன். ஏழு நாளில் மன்னிப்புக் கடிதமும் 50 லட்சம் நஷ்டஈடும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. உண்மையைச் சொன்னது குற்றமா? - வாசகர், தாம்பரம்.

பதில்: வந்திருப்பது வக்கீல் நோட்டீஸ்தான், கோர்ட் சம்மன் அல்ல. 50 லட்சம் என்பதும் ஏழு நாள் என்பதும் எதிர்த்தரப்பு எழுதிக்கொண்ட கணக்கு. பயப்பட வேண்டாம், பதில் போடாமலும் விட்டுவிட வேண்டாம்.

நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில், சொன்னது உண்மை என்று நிரூபித்தால் போதும். கிரிமினல் வழக்கில் அது மட்டும் போதாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அவதூறு பற்றிய 356-வது பிரிவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500) முதல் விதிவிலக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். சொன்னது உண்மையாக இருக்க வேண்டும், அதைச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். அந்த ஆள் இன்னும் மனை விற்கிறார், வேறு பலர் பணம் கட்டப் போகிறார்கள் என்றால், எச்சரிப்பது பொது நன்மை. அதே பதிவில் அவருடைய குடும்பச் சண்டையையும் எழுதியிருந்தால், அது முழு உண்மையாகவே இருந்தாலும் இந்த விதிவிலக்கு அதற்குக் கைகொடுக்காது.

அப்புறம், உங்கள் ரசீது 4 லட்சம் கொடுத்ததைத்தான் நிரூபிக்கும். ‘ஊரை ஏமாற்றும் ஃப்ராடு’ என்பதை நிரூபிக்காது. ‘இந்தத் தேதியில் பணம் கொடுத்தேன், இன்றுவரை பத்திரம் செய்து தரவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் உங்களை அசைப்பது கஷ்டம்.

வார்த்தைக்கு இரண்டு வருடம் வரை ஜெயில் என்ற சட்டம் 2016-லும் உச்ச நீதிமன்றத்தில் தப்பிவிட்டது. தண்டனை கிடைக்காவிட்டாலும் வாய்தாவுக்கு அலைவதே தண்டனை. பணபலம் உள்ளவர்கள் நம்புவதும் அதைத்தான். ஆன்லைனில் எழுதுவதைக் குற்றமாக்கி, 2015-ல் ரத்தான ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவில் போலீஸ் தொடர்ந்து வழக்குப் போட்டு, 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்த நாடு இது!

இந்த நேரம் பார்த்து ஒரு புரோக்கர் வருவார். ‘ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடப்போகிறார்கள், இருபதாயிரம் கொடுங்கள், பேசி முடிக்கிறேன்’ என்பார். ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவதூறுக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்ட்ரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, அதைக் கோப்புக்கு எடுக்கும் முன்பே உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். டைப் செய்த மன்னிப்புக் கடிதத்தையும் அதே புரோக்கர் நீட்டுவார். கையெழுத்துப் போட்டால், நாளை உங்கள் 4 லட்சத்தைக் கேட்டுப் போகும்போது அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

பதறிப்போய்ப் பதிவை அழித்துவிடாதீர்கள். பதிவு, கமெண்டுகள், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவைத்துவிட்டு, ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். வழக்கு முடியும்வரை அவரைப் பற்றிப் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். பணம் வசூலிக்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. உங்களுக்கு இரண்டு ஓடிவிட்டது. அதனால் பதில் நோட்டீஸில் குற்றச்சாட்டை மறுப்பதோடு நிறுத்தாமல், அந்த 4 லட்சத்தையும் அதிலேயே கேளுங்கள்.