முதல் இரண்டு மணி நேரம் நீங்கள் தூண்டில் போடாதீர்கள்

நானும் இரண்டு நண்பர்களும் பல வருடங்களாகக் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்கள். அடுத்த மாதம் ஒரு நாள் மட்டும் படகை வாடகைக்கு எடுத்து ஆழ்கடல் போகிறோம். கூட வரும் நான்கு பேர் தூண்டிலைத் தொட்டதே இல்லை. அதில் ஒருத்திக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டும். எப்படித் திட்டமிடுவது?

அந்தக் குமட்டுகிற தோழியிலிருந்து தொடங்குங்கள். எந்த மீன், எந்த இரை என்பதெல்லாம் அப்புறம்தான். அன்றைய நாளின் நீளத்தை அவர் உடம்புதான் முடிவு செய்யப்போகிறது.

கடல் நோய்க்கும் மன தைரியத்துக்கும் சம்பந்தமில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. கண்ணோ எதிரே இருக்கும் பலகையைப் பார்த்து 'எதுவும் அசையவில்லையே' என்கிறது. இந்த இரண்டு சேதியும் ஒத்துப்போகாமல்தான் வயிறு புரள்கிறது. குனிந்து முடிச்சுப் போடும்போதும், முள்ளில் இரை கோக்கும்போதும், போனைப் பார்க்கும்போதும் பலருக்கு ஆரம்பிப்பது அதனால்தான். ஆகவே புதியவர்களின் முள், ஈயம், முடிச்சு எல்லாவற்றையும் முந்தின இரவே கட்டி வைத்துவிடுங்கள். இரை கோப்பதும் உங்கள் வேலையாகவே இருக்கட்டும்.

குமட்டலுக்கான மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரை வயிற்றில் தங்காது. தூக்கம் வரவழைக்கும் மருந்து அது. அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் கேட்டு, ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படகில் அவருக்கு நடுவிலிருந்து சற்றுப் பின்பக்கமாக இடம் கொடுங்கள். அணியம், அதாவது படகின் முன்பக்கம்தான் அதிகமாக ஏறி இறங்கும். எஞ்சின் புகை முகத்தில் அடிக்காத பக்கமாகவும் பாருங்கள். கண் தொடுவானத்தில் இருக்கட்டும்.

என் பள்ளித் தோழன் ஒருவனை முதல்முறை கூட்டிப்போன நாளை என்னால் மறக்க முடியாது. நாங்கள் மீன் பிடிக்கும் உற்சாகத்தில் இருந்தோம். அதைக் கெடுக்கக்கூடாது என்று அவன் ஒன்றும் சொல்லாமல் கீழ் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். மூடிய அறை, டீசல் வாடை, கண்ணுக்குத் தொடுவானமே கிடையாது. நான் ஒரு சூரை மீனோடு போராடிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம் கழித்துத்தான் எட்டிப் பார்த்தேன். உதடு வறண்டு, விரல்கள் உள்பக்கமாக இறுகி மடங்கிக் கிடந்தான். ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. கரைக்கு இரண்டு மணி நேர ஓட்டம். அந்த இரண்டு மணி நேரமும் அவன் கையை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தேன். அவன் என்மேல் கோபப்படவில்லை. ஆனால் கூட்டிப்போனவன் நான். பார்த்திருக்க வேண்டியவனும் நான்தான்.

அதனால்தான் உங்கள் மூவருக்கும் சொல்கிறேன்: முதல் இரண்டு மணி நேரம் உங்கள் தூண்டில் கம்பு பையிலேயே இருக்கட்டும். நான்கு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமானாலும், கொட்டாவி விட்டாலும், நெற்றி வியர்த்தாலும் உடனே கவனியுங்கள். இன்னொன்றையும் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். 'திரும்பலாம்' என்று யார் சொன்னாலும் படகு திரும்பும், காரணம் கேட்கக் கூடாது. முதல் பயணத்துக்கு அரை நாள் தாராளம்.

தூண்டிலைத் தரையிலேயே சொல்லிக்கொடுங்கள். ஒருவர் கம்பைப் பிடிக்க, இன்னொருவர் நரம்பின், அதாவது தூண்டில் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும். ரீல் கிர்ரென்று கத்தும்போது புதியவரின் கை தானாக டிராக்கை, அதாவது நரம்பு ஓடுவதை இறுக்கிப் பிடிக்கும் ரீலின் பிரேக்கை, முறுக்கப் போகும், அல்லது ஓடுகிற நரம்பையே பிடிக்கப் போகும். முதலாவது நரம்பை அறுக்கும், இரண்டாவது விரலை அறுக்கும். மீன் ஓடும்போது சுற்றாமல் இருக்கவும், அது நின்றதும் கம்பைத் தூக்கி, இறக்கும்போது சுற்றவும் கை பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் டிராக்கை வையுங்கள். 15 கிலோ நரம்பென்றால் 4 அல்லது 5 கிலோ, ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார்த்துவிடலாம். புதியவர்களுக்கு வட்டமுள்தான் நல்லது. வெடுக்கென்று இழுக்கத் தேவையில்லை, நிதானமாகச் சுற்றினாலே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் மூன்று தூண்டிலுக்கு மேல் கடலில் இறக்காதீர்கள், சிக்கல் பிரிப்பதிலேயே நாள் போய்விடும்.

காற்று எவ்வளவு இருந்தால் போகலாம்?

புதியவர்கள் இருந்தால் காற்று 15 நாட் (knot) வேகத்துக்கு மேல், அதாவது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டருக்கு மேல் முன்னறிவிப்பு சொன்னால் நான் கிளம்புவதில்லை. காற்று குறைவாக இருந்தாலும், நீரோட்டத்துக்கு எதிராக வீசினால் அலை செங்குத்தாக எழும். அதையும் படகோட்டியிடம் கேளுங்கள். மிதவைச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் உதவி கேட்பது எப்படி என்று படகோட்டியைத் தவிர இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆழத்திலிருந்து தூக்கிய குட்டிக் களவா மீனின் வாய்வழியே ஏதோ பலூன் போலத் தள்ளியிருந்தது. கடலில் விட்டோம், மிதந்துகொண்டே போனது. என் மகள் அழுதுவிட்டாள். என்ன செய்திருக்க வேண்டும்?

உங்கள் மகளின் அழுகை நியாயமானது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. அங்கிருந்து வேகமாக மேலே வரும்போது மீனின் காற்றுப்பை விரிந்து இரைப்பையை வாய்வழியே தள்ளுகிறது. நீங்கள் பார்த்த பலூன் அந்த இரைப்பைதான். அதை ஊசியால் குத்தாதீர்கள். உதட்டில் மாட்டி, எடையோடு ஆழத்துக்கு இறக்கி அங்கே விடுவிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. கீழே போகப் போக அழுத்தம் கூடி, பை சுருங்கி, மீன் நீந்திப் போக வாய்ப்பு உண்டு. ஒன்று வாங்கி, அடுத்த முறை அதை உங்கள் மகள் கையிலேயே கொடுங்கள். அளவு குறைந்த குட்டிகளே தொடர்ந்து வந்தால் இடத்தை மாற்றிவிடுங்கள்.

காலையில் பிடித்த மீனை மாலை வரை நிழலில் வாளியில் வைத்தால் போதாதா?

போதவே போதாது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அவற்றின் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வரும். மீன் ஏறியதும் ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டிக்குள் போட்டுவிடுங்கள், வெறும் ஐஸைவிடச் சீக்கிரம் குளிரும். அந்தப் பெட்டி நிறைந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.