உள்ளே இருப்பதைக் கழற்றி எறியாதீர்கள்

பழைய பியானோ, ஆர்கன், ஹார்மோனியம் பழுதுபார்க்கும் குன்னூர்க்காரர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் தாத்தா எஸ்டேட் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். துரை ஊருக்குத் திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போன லண்டன் பியானோ வீட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் கட்டைகளை அமுக்கினால் மேலே எழுவதில்லை. உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கீபோர்டு பொருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? – வாசகி, கோத்தகிரி

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். இந்த மலையில் அப்படிக் குடல் உருவப்பட்ட பியானோக்களைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். பெட்டி மட்டும் பளபளவென்று இருக்கும், குரல் போயிருக்கும்.

கட்டை சிக்குவது பெரிய கோளாறு இல்லை. ஒவ்வொரு கட்டையும் ஒரு சிறு உலோக ஊசியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகிறது. ஊசி உரசாமல் இருக்கத் துளையில் கம்பளித் துணி ஒட்டியிருப்பார்கள். நம் ஊர் மழையில் துணியும் மரமும் ஈரம் குடித்து உப்பிவிடுகின்றன. ஜூலையில் சிக்கிய கட்டை ஜனவரியில் தானாகவே எழுந்தால், ஈரம்தான் காரணம் என்று நிம்மதியாக இருங்கள். பியானோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். குளிருக்குக் கணப்புப் பக்கம் தள்ளுவது அதைவிட மோசம். கம்பிகளுக்குப் பின்னால் ஊசியிலை மரத்தில் செய்த மெல்லிய பலகை ஒன்று இருக்கிறது, சவுண்ட் போர்டு என்போம். ஒரு பக்கம் வெப்பம், மறுபக்கம் பனி என்றால் அது வெடித்துவிடும். கம்பியின் அதிர்வை அறை முழுவதும் கேட்கும் ஒலியாக்குவது அந்தப் பலகைதான்.

அப்புறம், சுருதி சேர்க்க வருபவரிடம் ஒரே நாளில் இன்றைய சுருதிக்கு ஏற்றச் சொல்லாதீர்கள். மேற்கத்திய இசையில் சுருதிக்கு அளவுகோலான 'ஏ' ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு என்று பல நாடுகள் கூடி ஒத்துக்கொண்டதே 1939-இல்தான். அதற்கு முன் ஊருக்கு ஊர் வேறுபட்டது. இன்றைய பியானோவில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் சேர்ந்து இழுக்கும் விசை பதினெட்டு டன்னைத் தொடும், தாண்டவும் செய்யும். பல வருடம் தளர்ந்து கிடந்த துருக்கம்பியைத் திடீரென்று முறுக்கினால் அறுந்துபோகும். உங்கள் பியானோ அரை ஸ்வரம் தாழ்ந்தே இருக்கட்டும், தன்னோடு தான் சேர்ந்திருந்தால் போதும்.

பழைய கைவினைஞர்கள் விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசையால் ஒட்டினார்கள். சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும், மரத்தை உடைக்காமல் பிரித்து வேலை பார்க்கலாம். கடையில் விற்கும் வெள்ளைப் பசையை ஊற்றிவிட்டால் அடுத்தவர் பிரிக்கவே முடியாது. எந்த உறுப்பை மாற்ற நேர்ந்தாலும் பழையதைத் துணிப்பையில் போட்டு, எங்கே இருந்தது என்று எழுதி, பியானோவின் அடியிலேயே வையுங்கள். இது ஒன்றையாவது கட்டாயம் செய்யுங்கள்.

ஹார்ப்சிகார்டும் பியானோவும் ஒன்றா? – மாணவர், பழனி

இல்லை. ஹார்ப்சிகார்டில் கட்டையை அமுக்கினால் ஒரு பறவைச் சிறகின் தண்டு மேலெழுந்து, வீணையை விரல் மீட்டுவது போலக் கம்பியை மீட்டும். எவ்வளவு பலமாக அமுக்கினாலும் ஒலியின் அளவு பெரிதாக மாறாது. பியானோவில் சுத்தியல் அடிக்கிறது, அதனால் மெதுவாகவும் உரக்கவும் வாசிக்க முடிகிறது.

ஐரோப்பாவில் முந்நூறு வருடப் பழைய வாத்தியங்களை இன்னும் வாசிக்கிறார்களா, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்களா? – ஆசிரியை, கொடைக்கானல்

இரண்டும் உண்டு. அங்கேயே இதைப் பற்றித் தீராத விவாதம் நடக்கிறது. பியானோவைக் கண்டுபிடித்தவர் இத்தாலியின் பார்தொலோமியோ கிறிஸ்டோஃபோரி. அவர் செய்த பியானோக்களில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன: 1720-இல் செய்தது நியூயார்க்கில், 1722-இல் செய்தது ரோமில், 1726-இல் செய்தது ஜெர்மனியின் லைப்சிக்கில். அபூர்வமான பொருளை வாசிக்க வாசிக்கத் தோலும் மரமும் தேயும். மாற்ற மாற்ற அவர் கைபட்ட பகுதி குறையும். அதனால் இத்தகையவற்றை அங்குலம் அங்குலமாக அளந்து, அதே முறையில் புதிது செய்து வாசிக்கிறார்கள். மூலம் ஓய்வெடுக்கிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆனால் குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் தேவாலய ஆர்கன் கதை வேறு. ஹாம்பர்க்கின் புனித ஜேக்கப் தேவாலயத்தில் ஆர்ப் ஷ்னிட்கர் 1693-இல் முடித்த ஆர்கன் இருக்கிறது. 1720-இல் இசையமைப்பாளர் செபாஸ்டியன் பாஹ் அங்கே வேலைக்கு மனுப் போட்டார். முதல் உலகப் போரில் முன்வரிசைக் குழாய்களை உலோகத்துக்காகப் பறித்தார்கள். இரண்டாம் போரில், குண்டு விழுவதற்கு முன்பே மற்றக் குழாய்களைக் கழற்றி ஒளித்துவைத்தார்கள். 1944-இல் தேவாலயம் எரிந்தது, குழாய்கள் பிழைத்தன. 1993-இல் யூர்கன் ஆரெண்ட் என்ற கைவினைஞர் அதைச் சீரமைத்து முடித்தார். இன்றும் வழிபாட்டில் அது ஒலிக்கிறது. யாரோ சிலர் குழாய்களைக் காப்பாற்றியதும், அவற்றைப் பேசவைக்கத் தெரிந்த ஒருவர் பிறகு வாய்த்ததும் சேர்ந்தே இது நடந்தது. ஜெர்மனியின் ஆர்கன் கைவினையையும் இசையையும் யுனெஸ்கோ 2017-இல் தன் பட்டியலில் சேர்த்தபோது நான் மகிழ்ந்ததற்குக் காரணம், அது ஒரு கட்டடத்துக்கோ பொருளுக்கோ கிடைத்த மரியாதை இல்லை, கைத்திறனுக்குக் கிடைத்தது.

எங்கள் பியானோவின் கட்டைகளில் தந்தம் ஒட்டியிருக்கிறதாம். பெயர்த்து விற்கலாமா? – வாசகர், ஊட்டி

கூடாது. தந்தம் வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பியானோவையே கைமாற்ற நினைத்தாலும் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். லேசாக ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள், போதும். வெளிச்சம் படாவிட்டால் தந்தம் மஞ்சளிக்கும். அவ்வப்போது மூடியைத் திறந்து வையுங்கள்.

வெள்ளைக்காரன் வாத்தியத்தை நாம் எதற்குக் காப்பாற்ற வேண்டும்? – வாசகர், உடுமலைப்பேட்டை

ஹார்மோனியத்துக்குப் பாரிஸில் 1842-இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாந்தர் தெபேன். அது வங்காளத்தில் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைத்துருத்திப் பெட்டியாக மாறி, நம் நாடக மேடைக்கும் பஜனை மடத்துக்கும் வந்தது. அந்நிய வாத்தியம், கமகம் வராது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தள்ளிவைத்தது. பஜனை மடத்தில் யாரும் தள்ளிவைக்கவில்லை. பியானோ ஐரோப்பியர்களுடைய பாரம்பரியம்தான், அதை நம்முடையது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் கூரைக்குக் கீழே இருக்கும் ஒன்றைக் கரையானுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. அதன் உள்ளே, ஒவ்வொரு சுத்தியலையும் கையால் பொருத்திய தச்சர்களின் உழைப்பு இருக்கிறது. நானும் தச்சர் வீட்டுப் பிள்ளை.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள என்ன தெரிந்திருக்க வேண்டும்? – இளைஞர், கூடலூர்

பொறுமை, கொஞ்சம் மரவேலை. காது பழகிவிடும். பியானோவின் பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மூன்று கம்பிகள் உண்டு. ஒன்றைக் கம்பளி ஃபெல்ட் துண்டால் அடைத்துவிட்டு மற்ற இரண்டையும் ஒலிக்கவிடுங்கள். ஒன்று 440, இன்னொன்று 442 என்றால் நொடிக்கு இரண்டு முறை ஒலி எழுந்து அடங்கும். அந்த அலை நிற்கும்வரை கம்பியை முறுக்கும் சாவியை மயிரிழை அளவு திருப்ப வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் பியானோக்களைத் திறந்து வேலை பார்ப்பேன். உதவிக்கு ஆள் தேவை, இதழ் முகவரிக்கு எழுதுங்கள்.