ஓட்டுப் போடலாம், உட்காரக் கூடாதா?

கேள்வி: தேர்தலில் ஜெயித்து வந்த கறுப்பின உறுப்பினர்களை, நிறத்தைக் காரணம் காட்டி அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றம் வெளியேற்றியதாமே? அவர்கள் சும்மாவா இருந்தார்கள்?

பதில்: சும்மா இருக்கவில்லை. நடந்தது ஜார்ஜியாவில், 1868 செப்டம்பரில். மாநிலத்தின் புது அரசியல் சட்டம் கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை தந்தது சரி, பதவி வகிக்கலாம் என்று வெளிப்படையாக எழுதவில்லையே என்பதுதான் வாதம். கறுப்பர்களின் ஓட்டில் ஜெயித்த வெள்ளை உறுப்பினர்களுக்கும் அவர்களையே வெளியே அனுப்ப எப்படித்தான் மனசு வந்ததோ!

அந்தச் சட்டத்தை எழுதிய மாநாட்டில் இருந்தவர்தான், வெளியேற்றப்பட்ட கறுப்பின உறுப்பினர்களில் ஒருவரான ஹென்றி மெக்நீல் டர்னர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவின் மதகுரு, அப்புறம் ஜார்ஜியாவின் மேக்கன் ஊருக்குச் சட்டமன்ற உறுப்பினர். போருக்குப் பிறகு அடிமைகளை வைத்திருந்த பழைய எஜமானர்களிடம் பகை பாராட்டாமல் இணங்கிப் போகப் பார்த்தவர், அதனால்தான் அன்றைய அடி அவருக்கு அவ்வளவு வலித்திருக்கும். செப்டம்பர் 3ம் தேதி எழுந்து, "நான் மனிதனா? மனிதன்தான் என்றால், மனிதனுக்குள்ள உரிமையைக் கேட்கிறேன்" என்றார். எந்தக் கட்சி முன்னாலும் குழைய மாட்டேன், உரிமைக்காகக் கெஞ்ச மாட்டேன் என்றும் சொன்னார். படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வாக்கெடுப்பு 83-23. அவருடைய குடியரசுக் கட்சியின் வெள்ளையர்களே பலர் கைவிட்டார்கள். தோல் வெளுத்திருந்த நாலு பேரை மட்டும் விட்டுவைத்தார்கள் என்பதிலிருந்தே அளவுகோல் என்ன என்று புரியும். அதே மாதம் 19ம் தேதி ஜார்ஜியாவின் கமில்லா என்ற ஊருக்கு ஊர்வலமாகப் போன கறுப்பின மக்களைச் சுட்டார்கள், ஒரு டஜன் பேர் வரை செத்தார்கள். 1869ல் மாநில உச்ச நீதிமன்றம் கறுப்பர்களுக்குப் பதவி உரிமை உண்டு என்றது, மத்திய அரசு தலையிட்டு 1870 ஜனவரியில் இடங்களைத் திரும்ப வாங்கித் தந்தது. இன்று ஜார்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவில், சட்டமன்ற வளாகத்தில், வெளியேற்றப்பட்ட அந்த 33 பேருக்காக 1970களில் வைத்த சிற்பம் நிற்கிறது.

கேள்வி: டர்னர் பின்னாளில் ஆப்பிரிக்காவுக்கே போய்விடச் சொன்னது ஏன்?

பதில்: நம்பிக்கை உடைந்துபோனதால்தான். பொது இடங்களில் நிறபேதம் கூடாது என்ற சிவில் உரிமைச் சட்டத்தை 1883ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், அமெரிக்க அரசியல் சட்டத்தையே அழுக்குத் துணி என்றார். ஒரு காலத்தில் ஜார்ஜியாவின் அரசியல் சட்டத்தை எழுத உட்கார்ந்த அதே மனிதர்.