ஆறு பாட்டு எதற்குப் போதாது?

அன்புள்ள சார்,

நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ப்ரோக்கன்' இ.பி., அதாவது முழு ஆல்பத்தைவிடச் சின்னத் தட்டு, பழைய சிடியாகக் கிடைத்தது. ஆறு பாட்டு முடிந்ததும் பிளேயரில் எண் மட்டும் ஓடுகிறது, சத்தமே இல்லை. 98லும் 99லும் திடீரென்று இரண்டு பாட்டு. இது விளம்பர உத்தியா? ஆறே பாட்டுக்கு ஒரு தட்டு என்பது அடுத்த பெரிய ஆல்பத்துக்கான ஒத்திகைதானே? எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒப்பந்தத் தகராறுக்காக ஒரு பணக்காரர் போட்ட கூச்சலாகத்தான் எனக்குப் படுகிறது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்,

முதல் கேள்வி சின்னது. முதலில் வந்த பிரதிகளில் அந்த இரண்டு பாட்டும் மூன்று அங்குலக் குட்டி சிடியாக உள்ளே இருந்தன. சில கடைக்காரர்கள் அதை உருவித் தனியாக விற்க ஆரம்பித்தார்கள். அதனால் அடுத்த பதிப்பில் இரண்டையும் பெரிய தட்டிலேயே சேர்த்துக் கடைசியில் ஒளித்துவைத்தார்கள், நடுவில் ஒவ்வொன்றும் ஒரு நொடியே ஓடும் 91 வெற்றுத் தடங்கள். அவ்வளவுதான், இதில் தத்துவம் தேடாதீர்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. 'பணக்காரர்' என்று எழுதினீர்களே, கொஞ்சம் விசாரித்துவிட்டு எழுதியிருக்கலாம். நைன் இன்ச் நெயில்ஸை உருவாக்கிய ட்ரெண்ட் ரெஸ்னர், அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஒரு ஸ்டூடியோவில் துப்புரவு வேலை பார்த்தவர். யாரும் வாடகைக்கு எடுக்காத நேரங்களில் முதலாளியின் அனுமதியோடு தன் பாட்டுகளைத் தானே பதிவு செய்துகொண்டார். அப்படித் தொடங்கி 1989-ல் முதல் ஆல்பம் 'ப்ரிட்டி ஹேட் மெஷின்' வந்தது. அதை வெளியிட்ட டிவிடி (TVT), டிவி நிகழ்ச்சிகளின் முகப்புப் பாடல்களைத் தொகுத்து விற்றுப் பேர் வாங்கிய கம்பெனி. தட்டு மெல்ல மெல்ல விற்றுப் பெரிதாகப் போனது, அவர்கள் அதே மாதிரி இன்னொன்று கேட்டார்கள். இவர் மாட்டேன் என்றார், ஒப்பந்தத்திலிருந்து விட்டுவிடுங்கள் என்றும் கேட்டார். விடவில்லை. அப்புறம்தான் கம்பெனிக்குத் தெரியாமல், வெவ்வேறு பெயர்களில், ஒளிந்து ஒளிந்து 'ப்ரோக்கனை'ப் பதிவு செய்தார். இதைத்தான் நீங்கள் கூச்சல் என்கிறீர்கள்.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. போன வாரம்தான் என் முதல் சிறுகதைத் தொகுப்பின் உரிமை என்னிடம் திரும்பி வந்தது. இருபத்து நான்கு வயதில், புத்தகம் வரப்போகிற சந்தோஷத்தில், இரண்டாம் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அடுத்த மூன்று நூல்களும் அவர்களுக்கே என்று அதில் இருந்திருக்கிறது. அவர்கள் மறுபதிப்பும் போடவில்லை, கேட்டால் திருப்பியும் தரவில்லை. எழுதினால் அவர்களுக்குப் போய்விடும், எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பழுப்பு அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன், ராத்திரி எடுத்து எழுதுவேன். அந்தக் கதைகள் எல்லாமே மூன்று பக்கம், நாலு பக்கம். பிடுங்கிக்கொள்ள ஒருவன் வாசலில் நிற்கிறான் என்று தெரிந்தால் நாவல் எழுதக் கை வராது, எஸ். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு நோட்டை மூடத்தான் தோன்றும்.

அதனால்தான் ஒத்திகை என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருமுறை ஹெட்போன் போட்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். முதல் பாட்டு 'பினியன்' தொடங்கும்போது சிடி ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு மெல்லிசாக. ஒரு கிடார் உறுமல் நெருங்கி நெருங்கி வந்து, ஒரு நிமிடத்துக்குள் அறை முழுக்க நிரம்பிவிடும். அது அறுந்த இடத்தில் அடுத்த பாட்டு 'விஷ்'ஷின் டிரம் பிடித்துக்கொள்ளும், முதல் ஆல்பத்தில் சிந்தசைசர் இருந்த இடமெல்லாம் இப்போது கிடார். 'லாஸ்ட்' முடிந்ததும் நாலாவதாகக் குரலே இல்லாத ஒரு சின்னத் துண்டு வருகிறது, ஓடிக் களைத்தவன் சுவரில் முதுகைச் சாய்க்கிற மாதிரி. அதில் ஒரு பாட்டைக் கூடுதலாகச் செருகிப் பாருங்கள், கட்டு குலைந்துவிடும். பன்னிரண்டு பாட்டாக ஆக்கியிருந்தால் அந்தக் கோபம் பாதி வழியிலேயே பழகிப்போயிருக்கும். நம் ஆட்கள் சிறுகதையை நாவலுக்கான பயிற்சி என்று பேசுகிறபோதும் இதே எரிச்சல்தான் எனக்கு. 'விஷ்' 1993-ல் கிராமி வாங்கியது, சிறந்த மெட்டல் இசை என்று. அதையெல்லாம் வைத்து நான் வாதாடவில்லை. உங்கள் காது போதும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய சிடியை வாங்கி, அந்த எண்கள் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருந்தீர்களே, அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசியில் இன்டர்ஸ்கோப் என்ற இன்னொரு இசைக் கம்பெனி உள்ளே வந்து டிவிடியோடு ஏற்பாடு செய்துகொண்ட பிறகுதான், ரெஸ்னர் தன் சொந்த லேபிளான நத்திங்கின் பெயரில் 1992 செப்டம்பரில் இதை வெளியிட முடிந்தது. உங்கள் சிடியைத் திருப்பிப் பாருங்கள், இன்டர்ஸ்கோப், நத்திங் பெயர்களோடு எவரிடமிருந்து ஓடினாரோ அந்த டிவிடியின் பெயரும் இருக்கும். என் முதல் தொகுப்பின் பழைய பிரதிகளில் அந்தப் பதிப்பகத்தின் முத்திரையும் அப்படித்தான் இருக்கிறது.