சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்: பிரிட்டன் விசா நீட்டிப்பு

பிரிட்டன் விசாவை நீட்டிக்க வேண்டும், திருமணச் சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் இருக்கின்றன, பாஸ்போர்ட்டை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது மாற்றாதீர்கள். விசா முடிய ஆறு வாரம்தான் என்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே விண்ணப்பியுங்கள். மயிலாப்பூரில் பதிந்த திருமணச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருப்பது நம் ஊர் வழக்கம், விளக்கினால் போதும்.

எதை வைத்து விளக்குவது? இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரிட்டனில் உள்ள சொலிசிட்டர் (வழக்கறிஞர்) முன் கையெழுத்திட்ட உறுதிமொழி, கூடவே அப்பா பெயர் முழுதாக உள்ள பிறப்புச் சான்றிதழ். அது தமிழில் மட்டும் இருந்தால், மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதியோடு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம்.

முதல் விசா விண்ணப்பத்தில் உள்ள திருமணத் தேதி சான்றிதழோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்றீர்களே, பெரும்பாலும் அதில் திருமணம் பதிவான தேதியை எழுதியிருப்பீர்கள். பழைய படிவத்தின் நகலை எடுத்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். தவறு அதுதான் என்றால் இப்போது தாலி கட்டிய தேதியை எழுதி, விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் இரண்டு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். மறைத்தால்தான் சிக்கல். சான்றிதழிலேயே பிழையென்றால் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும். அதற்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிட வேண்டாம்.

விசா முடியுமுன் விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை பழைய விசாவின் உரிமை தொடரும். ஆனால் இடையில் சென்னைக்கு வந்துவிடாதீர்கள், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கொள்வார்கள்.